இருதயத்தைத் தணிக்கும் மருந்து

(பெசன்ட் நகரில் நடைபெற்ற நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



மாதந்தோறும் இக்கூட்டத்தில் இலக்கியப் பொருளே பேசிவந்த என்னை, இம்முறை மருந்தைப்பற்றிப் பேசுமாறு தலைவரவர்கள் பணித்தார்கள். பணித்ததன் காரணம் உங்களுட் பலர்க்குத் தெரிந்ததே. கூட்டம் முடிந்து சிற்றுண்டி வழங்கும் வேளையில் முதியோர் சிலர் சட்டைப் பையினின்றும் மாத்திரை அட்டையை எடுத்து, "வாத்தியாரையா, இதிலே என்ன எழுதியிருக்கிறது? எழுத்து எறும்புபோல் இருக்கிறதே" என்று என்னிடம் நீட்டுவது வழக்கமாய்விட்டது. அவ்வட்டைகளைப் படிக்கப் படிக்க ஓருண்மை புலப்பட்டது. ஒரே குலத்து மருந்தொன்று வெவ்வேறு வணிகப் பெயர்களைப் பூண்டு பலருடைய பையிலும் இருக்கின்றது. அதனை நாடோறும் உண்பவர்களோ, அஃது இன்ன மருந்தென்றும், எதன்பொருட்டு உண்கின்றோமென்றும், இடையில் விடுத்தால் யாது நேருமென்றும் அறியாதிருக்கின்றனர். அம்மருந்துக்கு மேனாட்டார் இட்ட பெயர் பீட்டா பிளாக்கர் என்பது. யான் வைத்தியனல்லேன், இன்னார்க்கு இம்மருந்து என்று விதிக்கும் உரிமை எனக்கில்லை. டாக்டர்கள் எழுதித் தந்ததை நாம் அறிந்து உண்ணுதற்கு வேண்டுமளவே ஈண்டுப் பேசுவேன்.

முதற்கண் நோயைச் சிறிது நோக்குவோம். நம் பாட்டன்மார் இதனை இரத்தக் கொதிப்பு என்றனர். கொதிப்பு என்னும் சொல் ஒருவகையில் நம்மை ஏமாற்றிவிட்டது. கொதிப்பதாயின் சுடவேண்டுமே, முகம் சிவக்கவேண்டுமே, தலை வலிக்கவேண்டுமே என்று எண்ணி, அவையொன்றும் இல்லாதார் தமக்கு நோயில்லையென்று இருந்துவிடுகின்றனர். உண்மையில் இந்நோய் பெரும்பாலும் வாய் திறவாத நோய். இரத்தக் குழாயின் சுவரை இரத்தம் தாக்கும் விசையே அழுத்தம் எனப்படுவது. இருதயம் சுருங்கும்போது ஓரளவும், விரியும்போது ஓரளவும் ஆக இரண்டு எண்களால் அதனைக் குறிப்பர். மருத்துவமனையில் அமைதியாக இருந்து பார்க்கையில், பல நாளும் 140-க்கு 90 என்ற அளவிலோ அதற்கு மேலோ காணின் நோயென்று கொள்வது நம் நாட்டு வழக்கு. தமிழ்நாட்டில் 2020-ஆம் ஆண்டில் நடத்திய ஆய்வொன்றில், வயது வந்தோருள் 100-க்கு ஏறக்குறைய 34 பேர்க்கு இந்நோய் இருக்கக் கண்டனர். அவர்களுள் அழுத்தம் கட்டுக்குள் இருந்தவர் 100-க்கு 7 பேர்தாம். இந்த 7 என்ற எண்ணைக் கண்டபோது எனக்கு வியப்பைவிட நாணமே மிகுந்தது. மருந்து கிடைக்காத நாடன்று நம்முடையது. 2021-ஆம் ஆண்டு ஆகஸ்டு 5-ஆம் நாள் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கியது முதல், வீட்டு வாயிலுக்கே இம்மாத்திரைகளைக் கொணர்ந்து தரும் ஏற்பாடும் உண்டு.

இனி மருந்து எவ்வாறு வேலை செய்கின்றதெனக் காண்போம். தமிழாசிரியனாகிய எனக்கு இதனைத் தொல்காப்பியத்தினின்று தொடங்குவதே எளிது. நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என மெய்ப்பாடு எட்டென்றார் அதன் ஆசிரியர். உள்ளத்து நிகழ்வது உடலின்கண் வெளிப்படுதலின் அவற்றுக்கு மெய்ப்பாடு என்று பெயர். தெய்வம், விலங்கு, கள்வர், இறைவன் என்னும் நால்வகையால் அச்சம் பிறக்கும் என்றும் வகுத்தார். காட்டில் புலியைக் கண்டவனுக்கு என்ன நேர்கின்றது? நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும், வேர்க்கும், மூச்சுக்குழல் அகன்று காற்று மிகுதியாய்ப் புகும், ஓடவோ போராடவோ உடம்பு ஆயத்தமாகும். சிறுநீரகத்தின் தலைமேல் அமர்ந்துள்ள சிறு சுரப்பியொன்று அட்ரினலின் என்னும் நீரை இரத்தத்தில் விடுதலும், நரம்பு முனைகள் அதனோடு உறவுடைய மற்றொரு பொருளைச் சொரிதலுமே இதற்குக் காரணம். புலியைக் காணாத இக்காலத்தும் இந்நீர் சுரந்துகொண்டேயிருக்கின்றது. வங்கிக் கடன், பெண்ணின் கலியாணம், அடையாற்றுப் பாலத்தில் வண்டி நெரிசல் என நம் புலிகள் வேறு.

இந்நீரைச் சாவியெனக் கொள்க. இருதயத்தின் உயிரணுக்களில் அச்சாவிக்கேற்ற பூட்டுகள் பல உண்டு. சாவி புகுந்து திரும்பியவுடன் இருதயம் விரைந்தும் வலிந்தும் துடிக்கும். 1948-இல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாகாணத்து மருத்துவக் கல்லூரியில் ஆசிரியராயிருந்த ரேமண்டு ஆல்குவிஸ்டு என்பார், இப்பூட்டுகள் ஒருவகையல்ல, இருவகையென்று கண்டு, கிரேக்க நெடுங்கணக்கின் முதலிரண்டு எழுத்துகளால் ஆல்பா என்றும் பீட்டா என்றும் பெயரிட்டார். அவர் கட்டுரையை முதலில் ஒரு சஞ்சிகை ஏற்க மறுத்துத் திருப்பியனுப்பிற்று. வேறொரு சஞ்சிகையில்தான் அது வெளிவந்தது. வெளிவந்தபின்னும் பல ஆண்டுகள் அதனைப் பொருட்படுத்தினார் சிலரே.

பொருட்படுத்தியவருள் ஒருவர் ஸ்காட்லாந்து நாட்டு ஜேம்ஸ் பிளாக். சுரங்கப் பொறியாளர் ஒருவரின் மகனாய் 1924-இல் பிறந்த இவர், மருத்துவம் கற்றபின் கடன் தீர்க்கும்பொருட்டுச் சிங்கப்பூருக்குச் சென்று, 1947 முதல் 1950 வரை அங்கு ஆசிரியத் தொழில் புரிந்தவர். நம்மவர் பலர் கப்பலேறிப் பிழைக்கச் சென்ற அவ்வூரிலேயே இவரும் கடனடைக்கப் பாடம் சொன்னார் என்பது ஆசிரியனாகிய எனக்கு ஒரு தனி மகிழ்ச்சி! அக்காலத்தில் மார்வலி நோய்க்கு மருந்து தேடியவரெல்லாம் இருதயத்துக்கு இரத்தத்தை மிகுதியாய் அனுப்பும் வழியையே தேடினர். பிளாக் வேறு விதமாய் எண்ணினார். கிணற்றில் நீர் குறைந்தவிடத்து, ஊற்றைப் பெருக்க இயலாதாயின் பாய்ச்சும் வயலைக் குறைப்பதும் ஒரு வழியன்றோ? இருதயத்தின் வேலையைக் குறைத்தால் அதற்கு வேண்டும் இரத்தமும் குறையும், வலியும் தணியும். பூட்டினுள் புகுந்து திரும்பாமல் நிற்கும் போலிச் சாவியொன்று கிடைத்தால் உண்மைச் சாவி புக இடமிராது. இக்கருத்தோடு 1958-இல் இங்கிலாந்தின் இம்பீரியல் கெமிக்கல் கம்பெனியிற் சேர்ந்தார். முதலிற் செய்த மருந்து சுண்டெலிகளிடத்துக் கட்டிகளை உண்டாக்கியதால் கைவிடப்பட்டது. அடுத்துப் பிறந்தது புரோப்ரனோலால். 1964-இல் அது வைத்திய உலகுக்கு அறிவிக்கப்பட்டது. மார்வலிக்கென்று பிறந்த அது இரத்தக் கொதிப்பையும் தணிக்கும் என்பதனை அவ்வாண்டிலேயே லண்டனில் பிரிச்சார்டு என்னும் மருத்துவர் எடுத்துக்காட்டினார். பிளாக்குக்கு 1988-இல் நோபெல் பரிசு கிட்டியது.

இம்மருந்துகளை அடையாளங்காண இலக்கணம் படித்தோர்க்கு ஓரெளிய வழியுண்டு. புரோப்ரனோலால், அட்டெனோலால், மெட்டோப்ரோலால், பிஸோப்ரோலால், கார்வெடிலால், நெபிவோலால் என்று பெயர்களை வரிசையாய்ச் சொல்லிப் பாருங்கள். பகுதி வேறாயினும் விகுதி 'லால்' என ஒன்றாக முடிகின்றது. உங்கள் அட்டையில் வணிகப் பெயருக்குக் கீழே சிறிய எழுத்தில் உள்ள பெயர் இவ்வாறு முடியின், அது பெரும்பாலும் இக்குலத்தது. அம்லோடிபினும் அட்டெனோலாலும் சேர்ந்த ஒற்றை மாத்திரை நம் நாட்டில் மிகப் பழக்கம். அதை உண்பவர் தாம் இரு மருந்து உண்பதாகவே அறியார்.

விகுதியை அரைகுறையாய்க் கேட்டு மயங்கவும் கூடாது. சால்புட்டமால் என்பதும் ஏறக்குறைய அவ்வாறே ஒலிக்கின்றது. அதுவோ இதற்கு நேர்மாறானது. இழுப்பு நோயினர் மூச்சில் உறிஞ்சும் மருந்து அது. மூச்சுக்குழலிலும் பீட்டாப் பூட்டுகள் உண்டு; சால்புட்டமால் அவற்றைத் திறந்து குழலை அகலச் செய்யும். நம் போலிச் சாவி அதே பூட்டை அடைத்துவிட்டால் குழல் சுருங்கும், இழுப்பு மிகும், அவசரத்துக்கு உறிஞ்சும் மருந்தும் பயன் குன்றும். ஆதலின் இழுப்பு நோயுடையார்க்குப் புரோப்ரனோலால் ஆகாது. அட்டெனோலால், பிஸோப்ரோலால் முதலியன இருதயத்துப் பூட்டுகளையே பெரிதும் நாடுமாயினும், அளவு மிகின் அவையும் வரம்பு கடக்கும். தாய்மார்களை இங்கே ஒன்று வேண்டிக்கொள்கின்றேன். "எனக்குப் படபடப்புக்கு டாக்டர் கொடுத்தார், நன்றாகக் கேட்கிறது, நீயும் ஒன்று போட்டுக்கொள்" என்று அண்டை வீட்டாருக்கும் மருமகளுக்கும் மாத்திரை வழங்கும் தருமத்தை நிறுத்திவிடுங்கள். சர்க்கரையும் காப்பித்தூளும் கடன் கொடுக்கலாம்; இதைக் கொடுக்கலாகாது. வாங்குபவருக்கு இளமையில் இழுப்பு இருந்ததோ, நாடி முன்னமே மெதுவாய் ஓடுகின்றதோ, யாரறிவார்?

இருதய நோயில் இம்மருந்தின் சிறப்பு வியக்கத்தக்கது. மார்வலிக்கும், தாறுமாறாய் ஓடும் நாடியை அடக்குதற்கும் இது பயன்படுவது ஒருபுறம் இருக்க, இருதயத் தளர்ச்சியில் இது வந்து புகுந்த கதை தனியே சொல்லத்தக்கது. இருதயம் வலிகுன்றி, கால் வீங்கி, படுத்தால் மூச்சுத் திணறும் நோயாளிக்கு, இருதயத்தை மேலும் தணிக்கும் மருந்தைக் கொடுப்பது கொலைக்கு ஒப்பாகும் என்றே நெடுங்காலம் மருத்துவக் கல்லூரிகளிற் கற்பித்தனர். 1975-இல் சுவீடன் நாட்டுக் கோட்டன்பர்க் நகரில் வாக்ஸ்டெயின் என்பாரும் அவர் துணைவரும் சில நோயாளிகளுக்கு இதனைக் கொடுத்து நலங்கண்டதாய் எழுதியபோது, நம்பினார் மிகச் சிலர். இளைத்த காளையைச் சாட்டையால் அடித்து ஏர் உழுவித்தல் போல, தளர்ந்த இருதயத்தை அட்ரினலின் இரவும் பகலும் அடித்துக்கொண்டிருக்கின்றது. அச்சாட்டையைப் பறித்தலே இம்மருந்து செய்வது. 1999-இல் வெளியான பிஸோப்ரோலால் ஆராய்ச்சியொன்றில் 2,647 நோயாளிகளை இரு பகுதியாக்கி, ஒரு பகுதியார்க்கு இம்மருந்தும் மறுபகுதியார்க்கு வெறும் மாத்திரையும் கொடுத்தனர். வெறும் மாத்திரை உண்டவருள் 100-க்கு 17 பேருக்கு மேல் இறந்தனர். மருந்து உண்டவருள் இறந்தவர் 12 பேருக்கும் குறைவு. வேற்றுமை இவ்வளவு தெளிவாய்த் தெரிந்ததால் ஆராய்ச்சியைக் காலத்துக்கு முன்னரே நிறுத்திவிட்டனர். நோயாளி முதலிற் சிறு அளவில் தொடங்கிப் பல வாரங்களில் படிப்படியாய் ஏற்றவேண்டும் என்பதும், தொடக்கத்தில் களைப்பு மிகினும் அஞ்சி விடலாகாது, டாக்டரிடம் சொல்லவேண்டும் என்பதும் இவ்வகை ஆராய்ச்சிகளாற் பெற்ற பாடம்.

வேறு நோயின்றி இரத்தக் கொதிப்பு மட்டும் உடையார்க்கு இம்மருந்தின் நிலை வேறு. பல ஆண்டுகளாய் உலகெங்கும் முதல் மருந்தாய்க் கொடுத்துவந்த அட்டெனோலாலை, 2002-இல் லோசார்ட்டன் என்னும் மருந்தோடு 9,193 பேரிடத்து ஒப்பிட்டனர். அழுத்தம் இரண்டிலும் ஏறக்குறைய ஒப்பவே தணிந்தது. ஆயினும் பக்கவாதம் லோசார்ட்டன் உண்டவரிடத்து நாலில் ஒரு பங்கு குறைந்தது. 2005-இல் வெளிவந்த மற்றொரு பெரிய ஆராய்ச்சியும் இதனையொட்டியே பேசிற்று. அதன்பின் 2006-இல் இங்கிலாந்தார், கொதிப்புக்கு முதல் மருந்தென்னும் ஆசனத்தினின்றும் இதனை இறக்கினர். நம் நாட்டில் 2017-இல் தொடங்கிய இரத்தக் கொதிப்புக் கட்டுப்பாட்டு முயற்சியின் மருந்து வரிசையிலும் அம்லோடிபின், டெல்மிசார்ட்டன், குளோர்தாலிடோன் என்பவையே முன்னிற்கின்றன. ஐரோப்பிய அறிஞருள் ஒரு சாரார் 2023-இல் இதனை மீண்டும் முதல் வரிசையிற் சேர்த்தனர். மற்றொரு சாரார் 2024-இல், தக்க காரணம் இருந்தாலன்றிச் சேர்க்கவேண்டா என்றனர். பண்டிதர் வழக்கு இலக்கணத்தில் மட்டும் உள்ளதன்று!

இது கேட்டு, "என் மாத்திரை பழைய மாத்திரை போலும், இன்றே விட்டுவிடுவேன்" என்று எவரும் எண்ணலாகாது. உங்களுக்கு அது கொதிப்புக்காகவோ, மார்வலிக்காகவோ, நாடி ஓட்டத்துக்காகவோ, அன்றி மூன்றுக்குமோ கொடுக்கப்பட்டிருக்கலாம். அடுத்த முறை டாக்டரைக் காணும்போது, "ஐயா, இம்மாத்திரை எனக்கு எதன்பொருட்டு?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். மாரடைப்பு வந்து பல ஆண்டு கழிந்தவர்க்கும் இக்கேள்வி பொருந்தும். 1980-களில் மாரடைப்பு வந்தவர்க்கு இம்மருந்து உயிர்காத்தது உறுதி. அப்போது அடைப்பை உடனே திறக்கும் சிகிச்சை இன்றுபோல் பரவியிருக்கவில்லை. இப்போது குழாய் செலுத்தி அடைப்பை நீக்கிவிடுகின்றனர். இருதயத்தின் வலி குன்றாதவர்க்கு இது வேண்டுமோ என்று 2024, 2025-ஆம் ஆண்டுகளில் மேனாடுகளில் ஆராய்ந்தனர். சுவீடன் முதலிய நாடுகளின் ஆராய்ச்சியும், ஸ்பெயினிலும் இத்தாலியிலும் எட்டாயிரத்துக்கு மேற்பட்டோரிடம் நடத்தியதும் பயன் காணவில்லை. நார்வே, டென்மார்க்கு நாடுகளில் நடத்தியது சிறிது பயன் கண்டது. முன்னரே உண்டுவருபவர் நிறுத்தலாமோ என்று பிரான்சில் ஆராய்ந்தபோது, நிறுத்துதல் தீங்கற்றது என்று நிறுவ இயலவில்லை. ஆகவே இது டாக்டர் ஒவ்வொருவரின் இருதயத்தையும் படம் எடுத்துப் பார்த்து முடிவு செய்யும் காரியம். நாம் செய்யும் காரியமன்று.

இனி யான் சொல்லவந்தவற்றுள் தலையாயதைச் சொல்கின்றேன். இம்மருந்தைத் திடீரென்று நிறுத்தலாகாது. காரணம் இதுவே. பூட்டுகள் யாவும் போலிச் சாவியால் அடைபட்டிருக்குமாயின், இருதயத்தின் உயிரணுக்கள் நாளடைவில் புதிய பூட்டுகளை மிகுதியாய்ச் செய்துகொள்கின்றன. மருந்து உள்ளவரையில் அவையும் அடைபட்டே கிடக்கும். ஒருநாள் மருந்தை விட்டுவிட்டால், இரண்டொரு நாளில் பழைய பூட்டும் புதிய பூட்டும் ஒருங்கே திறந்துகொள்கின்றன. முன்னிருந்ததினும் மிகுந்த விசையோடு இருதயம் துடிக்கத் தொடங்கும். இருதயக் குழாயில் அடைப்பு உள்ளவர்க்கு மார்வலியும், மாரடைப்பும், நாடிக் குழப்பமும் நேரலாம். 1970-களிலேயே மருத்துவர்கள் இதனைக் கண்டு எச்சரித்துள்ளனர்.

நம்மவருள் ஒருவர்க்கு நேர்ந்ததைப் பெயர் கூறாது சொல்ல, அவர் குடும்பத்தார் இசைவு தந்திருக்கின்றனர். அறுபத்தாறு வயது, இருதயக் குழாயில் வலைக்குழல் வைத்துக்கொண்டவர், மருந்தையும் நடையையும் ஒழுங்காய்க் கைக்கொண்டிருந்தவர். குலதெய்வத்தின் கொடை விழாவுக்குத் திருநெல்வேலிப் பக்கத்துச் சொந்த ஊர்க்குப் புறப்பட்டார். இரயிலில் ஏறியபின் அவர் மனைவியார், "மாத்திரை டப்பாவை எடுத்து வைத்தீர்களா?" என்று கேட்க, அது பெசன்ட் நகர் வீட்டில் சுவாமி அலமாரியின் மேலேயே இருந்துவிட்டது தெரிந்தது. "போனால் போகிறது. பிரஷர் நேற்றுக்கூட நூற்றிருபதுக்கு எண்பதுதான். ஐந்து நாள் சாப்பிடாவிட்டால் குடி முழுகிப் போகாது, திரும்பி வந்து பார்த்துக்கொள்ளலாம்" என்றார். அவர் மொழியில் ஒரு பிழை ஒளிந்திருக்கின்றது. அழுத்தம் 120-க்கு 80 ஆக இருந்தது மருந்தினால். மருந்து வேண்டாததனால் அன்று. முதல் இரு நாள் ஒன்றுமில்லை. மூன்றாம் நாள் படபடப்பு. விழாக் களைப்பு என்று விட்டுவிட்டார். நான்காம் நாள் இரவு, கோயில் முற்றத்தில் இருந்தபடியே மார்பைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். 108 வண்டியில் ஏற்றிக் கொண்டுபோயினர். மருத்துவமனையில் கேட்ட முதற் கேள்விகளுள் ஒன்று, என்ன மருந்து உண்டுவந்தார் என்பது. மனைவியாரோ, "சின்னதாக, வெள்ளையாக ஒரு மாத்திரை, இன்னொன்று மஞ்சள்" என்பதற்குமேல் சொல்ல அறியார். சென்னையிலுள்ள மகனைத் தொலைபேசியில் எழுப்பி, அவன் அடுத்த வீட்டுச் சாவியை வாங்கி, அலமாரியைத் திறந்து அட்டையைப் படித்துச் சொல்ல ஒரு மணி நேரம் சென்றது. உயிர் பிழைத்தது. ஆயினும் முன்பு மாடிப்படி இரண்டு தளம் ஏறியவர், இன்று ஒரு தளம் ஏறி நடுவில் நிற்கின்றார்.

அக்கடையிலேயே நான்கு மாத்திரை வாங்கியிருக்கலாமே என்று அவர் மைத்துனர் பின்னர்க் கேட்டார். வாங்கியிருக்கலாம், பெயர் தெரிந்திருந்தால்! வள்ளுவனார் மருந்து என்னும் அதிகாரத்தின் இறுதியில், நோயுற்றவன், தீர்க்கும் வைத்தியன், மருந்து, பக்கத்திருந்து கொடுப்பவன் என மருத்துவத்தை நான்கு கூறாக்கி, அந்நான்காமவனையும் சரியாசனத்தில் அமர்த்தினார். நம் இல்லங்களில் அந்நான்காமவர் பெரும்பாலும் மனைவியோ மருமகளோ ஆவர். அவர்க்கு மருந்தின் பெயரை நாம் சொல்லிக் கொடுப்பதில்லை; நேரத்தை மட்டும் சொல்கின்றோம். மருந்தின் பெயர், மில்லிகிராம் அளவு, வேளை, காரணம் ஆகியவற்றை ஒரு சீட்டில் தமிழில் எழுதி, ஒன்றை நோயாளியின் பையிலும் ஒன்றை அவர் கையிலும் வைப்பது அரை மணி வேலை. எழுதத் தெரியாதவர்க்கு எழுதிக் கொடுக்க நம் மாணவர் இருவர் இன்றே வாயிலில் மேசையிட்டு அமர்ந்திருக்கின்றனர்.

நிறுத்தவேண்டிய நிலை வருவதும் உண்டு. அப்போது டாக்டர் சொற்படி ஒன்றிரண்டு வாரங்களில் அளவைச் சிறிது சிறிதாய்க் குறைத்தே நிறுத்துவர். ஒருவேளை மறந்தால் நினைவு வந்தபோது உண்ணலாம். அடுத்த வேளை நெருங்கிவிட்டதாயின் விட்டுவிடுவதே முறை. இரண்டையும் சேர்த்து விழுங்கலாகாது. மெதுவாய்க் கரையும் வகை மாத்திரையை, தொண்டையிற் சிக்குகின்றதென்று அம்மியில் நசுக்கி உண்ணவும் கூடாது. நாள் முழுதும் கரையவேண்டியது ஒருங்கே கரைந்துவிடும். எழுந்தவுடன் கண் இருண்டு வந்தாலும், நாடி நிமிஷத்துக்கு 50-க்குக் கீழ் இறங்கித் தலை சுற்றினாலும், டாக்டரிடம் சொல்லவேண்டும். நீரிழிவுக்கு இன்சுலினோ மாத்திரையோ கொள்பவர்க்குத் தனியே ஓரெச்சரிக்கை. சர்க்கரை மிகத் தாழும்போது படபடப்பும் நடுக்கமும் அறிவிக்க வரும் தூதர்கள். இம்மருந்து அவ்விரு தூதரையும் வாயடைத்துவிடும். வேர்வை ஒன்றே தப்பி வரும். காரணமின்றி உடம்பு வேர்த்தால் உடனே சர்க்கரையைச் சோதிக்க.

இந்நடுக்கம் தணிக்கும் குணத்தால் இம்மருந்துக்கு வேறொரு புகழும் உண்டு. வில்லாளரும் துப்பாக்கி சுடுவோரும் போட்டியில் இதனை உண்ணலாகாதென்று விளையாட்டுச் சங்கங்கள் விலக்கியிருக்கின்றன. 2008-இல் பீகிங் ஒலிம்பிக்கில் வடகொரிய வீரர் ஒருவர், புரோப்ரனோலால் உண்டதாகக் கண்டுபிடிக்கப்பட்டுத் தம் இரு பதக்கங்களையும் இழந்தார். மேடையேறும்முன் கை நடுங்குகின்றதே என்று இளைஞர் எவரும் தாமே வாங்கி உண்ண முற்படாமைப்பொருட்டு இதனைச் சொன்னேன்.

இவ்வூரினர்க்குப் பயன்படுவதொன்று. நம் எலியட்ஸ் கடற்கரையில், ஷ்மிட் நினைவு மண்டபத்தருகே விடியலில் நின்று பார்த்தால், நடப்போருள் பாதிப்பேர் மணிக்கட்டைத் திருப்பித் திருப்பி நோக்குவது தெரியும். 2023 நவம்பரில் 'நடப்போம் நலம் பெறுவோம்' என்னும் பெயரால் 8 கிலோமீட்டர் நடைபாதை இங்கே தொடங்கப்பட்டபின் இவ்வழக்கம் இன்னும் பெருகிற்று. 220-இல் வயதைக் கழித்து, அதில் இத்தனை பங்குக்கு நாடி ஏறவேண்டும் என்று கைக்கடிகாரம் கணக்குச் சொல்கின்றது. பீட்டாத் தடை மருந்து உண்பவர்க்கு இக்கணக்குப் பொருந்தாது. மருந்து நாடியை ஏறவொட்டாது. கணக்கு நிறைவேறவில்லையே என்று விரைந்து ஓடினால் மயக்கமே மிஞ்சும். நடக்கும்போது பக்கத்தவரோடு இரண்டு வாக்கியம் தடையின்றிப் பேச முடிகின்றதா என்று பாருங்கள். பேச முடிந்து, பாட முடியாதிருந்தால் அதுவே போதுமான வேகம். அழுத்தம் பார்க்கும்போதும் ஓர் ஒழுங்கு வேண்டும். காப்பி குடித்து அரை மணியேனும் கழிந்து, ஐந்து நிமிஷம் முதுகு சாய்த்து அமர்ந்து, கையை மேசைமேல் வைத்து, பேசாதிருந்து பார்க்கவேண்டும். நம்மவர்க்கு இவற்றுள் மிக அரியது பேசாதிருத்தலே. உப்பைக் குறைத்தலும் மருந்தின் பாதியே. ஊறுகாய், அப்பளம், கருவாடு என்னும் மூன்றையும் வைத்துக்கொண்டு மாத்திரையை மட்டும் நம்புவது, ஓட்டைக் குடத்தில் நீர் மொள்வது போலும்.

இறுதியாக, கூட்டத்துக்குமுன் ஒரு பெரியவர் கேட்ட கேள்விக்கு விடை சொல்லவேண்டும். "நம் நாட்டு மூலிகையில் இதற்கு மருந்து இல்லையா? அதையும் சேர்த்துச் சாப்பிட்டால் என்ன?" என்றார். இருக்கின்றது. சர்ப்பகந்தி என்னும் செடியின் வேர் கொதிப்பைத் தணிக்கும் என்று 1931-இல் கல்கத்தாவில் சென், போஸ் என்னும் இரு வைத்தியர் எழுதினர். பம்பாயில் ருஸ்தம் ஜால் வக்கீல் என்னும் இருதய மருத்துவர் அதனைப் பல நோயாளிகளிடத்து ஆராய்ந்து, 1949-இல் இங்கிலாந்துச் சஞ்சிகையில் வெளியிட்டபின்னரே உலகம் திரும்பிப் பார்த்தது. 1952-இல் அவ்வேரினின்றும் ரெசர்ப்பின் என்னும் சத்தைப் பிரித்தெடுத்தனர். பீட்டாத் தடை மருந்து பிறப்பதற்கு முன்னரே உலகெங்கும் உண்ணப்பட்ட மருந்து அது. பெருமைக்குரியதே. ஆயின் அதுவும் நரம்பு முனையிலுள்ள அதே சாவிப் பொருளை வற்றச் செய்து இருதயத்தைத் தணிப்பது. சாவியும் வற்றி, பூட்டும் அடைபட்டால், நாடி அளவுக்கு மிஞ்சித் தாழ்ந்து மயக்கம் வரும். மனத்தளர்ச்சியையும் அது மிகுவிக்கக்கூடும். நாட்டு மருந்துக் கடையில் 'பிரஷர் சூரணம்' என்று வாங்குவதில் இவ்வேர் சேர்ந்திருப்பது உண்டு. ஆதலின் சித்த வைத்தியரிடம் செல்வோர் ஆங்கில மாத்திரை அட்டையையும், டாக்டரிடம் செல்வோர் சூரணப் பொட்டலத்தையும் கையோடு கொண்டுபோய்க் காட்டுக. அடுத்த மாதக் கூட்டத்துக்கு அழுத்தமானி ஒன்று வாங்கிவைக்கப்படும் என்று செயலாளர் தெரிவித்திருக்கின்றார். வருவோர் தத்தம் மருந்துச் சீட்டோடு வருமாறு வேண்டுகின்றேன்.